ஹாங்காங் வான்கோட்டைப் படமெடுக்க ஸ்டார் ஃபெரி: ஒரு பயணியின் மதிப்புரை

ஹாங்காங்கிற்குச் செல்பவர்கள் கேமராவில் முதலில் பிடிக்க விரும்புவது, விக்டோரியா துறைமுகத்தின் கரையில் தோளோடு தோள் உரசி நிற்கும் வானளாவிய கட்டடங்களின் வரிசையைத்தான். கட்டட உச்சிகள் வானத்தில் வரையும் அந்த விளிம்பை, அதாவது வான்கோட்டை, எங்கிருந்து எடுக்கலாம் என்று விசாரித்தால், மலையுச்சி மேடை, உயர்மாடிப் பார்வைத் தளம், மாலை நேர உல்லாசப் படகு என்று பல இடங்களைச் சொல்வார்கள். நவம்பர் மாதக் கடைசியில் ஐந்து நாள்கள் அங்கே தங்கி, இவற்றில் இயன்றவரை எல்லாவற்றிலும் ஏறி இறங்கிப் படமெடுத்த பிறகு, நான் மனதாரப் பரிந்துரைப்பது மிகவும் மலிவானதும் படமெடுப்பவர்களுக்கென்று ஏற்படுத்தப்படாததுமான ஒரு சேவையைத்தான். துறைமுகத்தின் வடகரையான கவுலூன் பக்கத்துச் சிம் ஷா சுய்யிலிருந்து ஹாங்காங் தீவின் சென்ட்ரலுக்கு அன்றாடம் மக்களை ஏற்றிச் செல்லும் ஸ்டார் ஃபெரி படகுகளே அவை.

இந்தச் சேவையின் தொடக்கம் 1888-ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. பார்சி வணிகரான டோராப்ஜி நவ்ரோஜி தொடங்கிய கவுலூன் ஃபெரி நிறுவனம், 1898-இல் ஸ்டார் ஃபெரி என்று பெயர் மாறியது. ஒவ்வொரு படகின் பெயரும் ‘ஸ்டார்’ என்றே முடிகிறது. மேலே வெள்ளையும் கீழே பச்சையும் பூசிய இந்தப் படகுகளுக்கு முன்புறம் பின்புறம் என்ற வேறுபாடே கிடையாது; இரு முனைகளும் ஒன்றுபோல் அமைந்திருப்பதால், கரையை அடைந்த படகு திரும்ப வேண்டியதில்லை, வந்த வழியே அப்படியே புறப்படும். பயணிகள்தான் மர இருக்கையின் சாய்மானத்தை மறுபக்கம் தள்ளிவிட்டு, போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அச்சாய்மானங்களில் நட்சத்திர வடிவில் துளைகள் இட்டிருக்கிறார்கள். வெயில் சாய்ந்த நேரத்தில் அத்துளைகளின் வழியே ஒளி விழுந்து தரையில் புள்ளி புள்ளியாக நகர்வதை நான் முதல் பயணத்திலேயே கவனித்தேன். கட்டடங்களை எடுக்கப் போன நான் இரண்டு நிமிடங்கள் அதையே எடுத்துக்கொண்டிருந்தேன்.

உயரமான இடத்தை விட்டுவிட்டு நீர்மட்டத்தில் செல்லும் படகை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, பதில் அந்த ஊரின் நில அமைப்பிலேயே இருக்கிறது. ஹாங்காங் தீவின் வடகரையில் கட்டடங்கள் ஒரு குறுகலான கரைப்பட்டையில் நிற்கின்றன; அவற்றுக்கு நேர் பின்னால் 552 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா சிகரமும் அதைச் சேர்ந்த மலைத்தொடரும் எழுகின்றன. முன்னால் கடல், நடுவே கட்டடங்கள், பின்னால் மலை என்ற இந்த மூன்று அடுக்குகளும் ஒன்றாகத் தெரிவதுதான் இந்த வான்கோட்டை உலகின் வேறெந்த நகரத்தோடும் குழப்பிக்கொள்ள முடியாததாக ஆக்குகிறது. அந்நகரின் திட்டமிடல் வழிகாட்டு நெறிகளே, குறிப்பிட்ட சில பார்வை இடங்களிலிருந்து காணும்போது மலைமுகட்டின் மேற்பகுதியில் 20 சதவீதத்தைக் கட்டடங்கள் மறைக்கக் கூடாது என்று கூறுகின்றன. மலைமுகடும் அந்நகரின் வான்கோட்டில் ஒரு பகுதி என்று அங்குள்ளவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

சிகரத்தின் மேல் ஏறி நின்றால் அந்த மலை நம் காலடிக்குப் போய்விடுகிறது. அங்குள்ள பார்வைக் கட்டடமான பீக் டவரின் உச்சியில் உள்ள மேடை கடல் மட்டத்திலிருந்து 428 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தீவிலேயே உயரமான கட்டடமான இரண்டாம் பன்னாட்டு நிதி மையத்தின் உயரம் 412 மீட்டர். எனவே அங்கிருந்து பார்க்கையில் நகரம் உயரமாகத் தெரிவதில்லை, ஆழமாகத் தெரிகிறது. அதுவும் அழகான காட்சிதான். முதல்முறை செல்பவர்கள் அதைத் தவறவிடக் கூடாது, அதற்கான கட்டணத்தைச் செலுத்த விரும்பாதவர்களுக்கு அருகிலேயே லுகார்ட் சாலையின் திருப்பத்தில் அதே காட்சி இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் எனக்குக் கிடைத்தது ஒரு நகரத்தின் வரைபடம் போன்ற தோற்றம். அண்ணாந்து பார்க்கும்போது நெஞ்சில் ஏற்படும் வியப்பு அவற்றில் இல்லை. அந்த வியப்பைப் படகின் மேல்தளத்தில்தான் கண்டேன்.

இனி, படகில் எப்படி எடுப்பது என்பதற்கு வருகிறேன். சிம் ஷா சுய்யிலிருந்து சென்ட்ரலுக்குச் செல்லும்போது இடப்பக்க இருக்கைகளைப் பிடிக்க வேண்டும். தீவின் வடகரைப் பகுதிகளான வான் சாய் பக்கத்திலிருந்து தொடங்கி, அட்மிரால்ட்டி வழியாகச் சென்ட்ரல் வரை நீளும் முழு வரிசையும் அந்தப் பக்கத்தில்தான் விரிகிறது. திரும்பி வரும்போது அதே காட்சி வலப்பக்கத்திற்கு மாறிவிடும். படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் சன்னல்கள் கண்ணாடியின்றித் திறந்திருக்கும். முனைகளில் உள்ள அடைப்பான பகுதிக்குள் போய்விட்டால், லென்ஸுக்கும் நகரத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி வந்துவிடும். கண்ணாடி இல்லாமை என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மாலை, தங்கியிருந்த விடுதியின் வரவேற்பு மேசையில் சொன்னதை நம்பிப் பல மடங்கு பணம் கொடுத்து ஓர் உல்லாசப் படகில் சென்றேன். எனக்கு ஒதுக்கப்பட்ட இருக்கை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது, திறந்த தளத்தில் நிற்க இடமில்லை, நான் எடுத்த படங்கள் அனைத்திலும் கட்டடங்களுக்கு மேலே அறையின் மஞ்சள் விளக்குகள் மிதந்துகொண்டிருந்தன. அந்த மாலையின் வானம் மீண்டும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

கடந்து செல்லப் பத்து நிமிடம்கூட ஆகாது. முன்பு இதைவிடச் சற்று நீண்ட பயணமாக இருந்தது. கடலைத் தூர்த்துக் கரையை நீட்டியபோது, சென்ட்ரலின் பழைய படகுத்துறை 2006 நவம்பரில் மூடப்பட்டு, இன்றுள்ள 7-ஆம் எண் துறைக்கு மாற்றப்பட்டது. பழைய துறையையும் அதன் மணிக்கூண்டையும் இடிக்கக் கூடாது என்று அப்போது மக்கள் போராடினார்கள். 1966-இல் முதல் வகுப்புக் கட்டணத்தை 5 சென்ட் உயர்த்தியதற்காகவே கவுலூன் தெருக்களில் பெரும் கலவரம் மூண்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் படகு அந்நகரத்தாருக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும்.

குறுகிய பயணம் என்பதால் எந்த நேரத்தில் ஏறுகிறோம் என்பதே படத்தைத் தீர்மானிக்கிறது. தீவின் கட்டட முகப்புகள் வடக்கு நோக்கியவை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் சூரியன் தென்மேற்கில் மறைவதால் முகப்புகளின் மேல் நேர் வெயில் படுவதில்லை. மாலையில் அவை நிழலுருவங்களாகவே நிற்கும். ஜூன் மாதத்தில் சூரியன் மேற்குக்குச் சற்று வடக்கே மறைவதால், கடைசி ஒரு மணி நேரத்தில் கண்ணாடிச் சுவர்கள் பொன்னிறமாக மாறும். ஆனால் அது புழுக்கமும் மழையும் உள்ள காலம். 8-ஆம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றப்பட்டால் படகுகளும் நின்றுவிடும். மார்ச், ஏப்ரலில் கடல்மூட்டம் சூழ்ந்து உயர்ந்த கட்டடங்களின் தலைகளை மறைத்துவிடுகிறது. காற்று உலர்ந்திருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். அப்போது முகப்பில் வெயில் இல்லை என்ற குறையைச் சூரியன் மறைந்த பின் வரும் நீலப்பொழுது முழுமையாக ஈடுசெய்கிறது.

அந்த ஊர் வெப்ப மண்டலத்தின் வட எல்லைக்குள் இருப்பதால் அந்திப்பொழுது நீண்டு நிற்பதில்லை. சூரியன் மறைந்து பத்து நிமிடங்களுக்குப் பிறகு, வானத்தின் ஒளியும் சன்னல் விளக்குகளின் ஒளியும் சமமாகின்றன. அடுத்த பதினைந்து நிமிடங்களில் வானம் கருத்துவிடுகிறது. நவம்பர்க் கடைசியில் ஏறத்தாழ 5.40 மணிக்குச் சூரியன் மறைந்தது. 5.50 மணிக்குப் படகில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, உடனே மறுபடி வரிசையில் நின்று திரும்பினால், ஒரு மாலைக்கு இரண்டு கடப்புகள் கிடைக்கும். மூன்றாவதற்கு ஆசைப்பட்ட நாளில் எனக்குக் கிடைத்தது கருப்பு வானம்தான். அது அலுவலகம் முடிந்து மக்கள் வீடு திரும்பும் நேரமும் ஆதலால், சன்னலோர இருக்கை வேண்டுமானால் கதவு திறக்கும்போது முன்வரிசையில் நிற்க வேண்டும்.

முக்காலி இங்கே பயன்படாது. எஞ்சினின் அதிர்வு தளத்தின் வழியாக முக்காலியின் கால்களில் ஏறி, கையில் பிடித்தால் வருவதைவிட மோசமான நடுக்கத்தைத் தரும். முதல் நாள் கேமராவின் நடுக்கத் தடுப்பை நம்பி ஷட்டரை 1/15 நொடி திறந்து எடுத்த படங்கள் எல்லாம் கலங்கிப்போயின. அந்தத் தடுப்பு கையின் நடுக்கத்தைத் தாங்கும். படகு அலையில் சாய்ந்து எழுவதைத் தாங்காது. மறுநாள் லென்ஸின் துளை எஃப் 2.8, ஷட்டர் 1/125 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600 என்று வைத்தேன், நீலப்பொழுதின் நடுப்பகுதிக்கு அது பொருத்தமாக இருந்தது. முழங்கையைச் சன்னல் சட்டத்தில் ஊன்றாமல், உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு எடுத்தால் படம் தெளிவாக வருகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கட்டடங்களின் எல்இடி விளக்குத் திரைகளை மின்னணு ஷட்டரில் எடுத்தால் குறுக்கே பட்டைபட்டையாகக் கோடுகள் விழுகின்றன. இயந்திர ஷட்டருக்கு மாறினால் அவை பெரும்பாலும் மறைந்துவிடும்.

35 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸே எனக்கு அதிகம் உதவியது. மிக அகலமான லென்ஸ் மலையைச் சிறிய மேடாகக் காட்டிவிடுகிறது. கரையை நெருங்கும்போது, காட்சியை அருகில் இழுத்துக் காட்டும் 70 மி.மீ.க்கு மாறினால், 1973-இல் கட்டப்பட்ட ஜார்டின் ஹவுஸின் வட்ட வட்டமான சன்னல்களும், அதற்குப் பின்னே ஐ.எம். பே வடிவமைத்து 1990-இல் முடிக்கப்பட்ட சீன வங்கிக் கோபுரத்தின் முக்கோண வரிகளும் ஒரே பிரேமுக்குள் வந்துவிடும். படகு நகர நகர, இந்தக் கட்டடங்கள் ஒன்றையொன்று மறைப்பதும் விலகுவதுமாக இருக்கும். பார்வைத் தளத்தில் நிற்பவர் ஒரே அமைப்பைத்தான் எடுக்க முடியும். படகில் இருப்பவருக்கு ஒவ்வொரு பத்து நொடிக்கும் கட்டடங்களின் இடைவெளி மாறுகிறது. சீன வங்கிக் கோபுரம் மற்றவற்றிலிருந்து விலகி, மலையின் சரிவைப் பின்னணியாகக் கொண்டு தனித்து நின்ற அந்த ஒரு நிலைக்காக நான் நான்கு மாலைகள் காத்திருந்தேன், நான்காம் மாலையில் கிடைத்தது.

மேல்தளம், கீழ்த்தளம் என்று இரண்டு வகுப்புகள் உண்டு. நான் சென்றபோது வேலைநாள்களில் மேல்தளத்திற்கு 5 ஹாங்காங் டாலர், கீழ்த்தளத்திற்கு 4 டாலர். வார இறுதியில் சற்றுக் கூடுதல். அங்கே போக்குவரத்துக் கட்டணங்களுக்குப் பயன்படும் ஆக்டோபஸ் அட்டையை வாயிலில் காட்டிவிட்டுச் செல்லலாம். கீழ்த்தளத்தில் எஞ்சின் இரைச்சலும் டீசல் வாடையும் இருக்கும், ஆனால் நீர் மிக அருகில் இருப்பதால் விளக்குகளின் பிரதிபலிப்பு படத்தின் கீழ்ப்பாதியை நிறைக்கிறது. ஒரு முறையாவது அங்கேயும் நின்று எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரவு 8 மணிக்கு நடக்கும் ஒளிக்காட்சியைப் படகிலிருந்து எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குளிர்காலத்தில் அந்நேரத்துக்கு வானம் முற்றிலும் இருண்டு, மலைமுகடு மறைந்துவிடும். மலை இல்லாத படத்திற்காக அந்தக் கூட்டத்தில் நிற்க நான் விரும்பவில்லை.

நீண்ட நேர ஒளிப்பதிவுகளை விரும்புபவர்களுக்குப் படகு ஏற்றதன்று. அவர்கள் சிம் ஷா சுய் துறையில் இறங்கி, 1915-இல் எழுந்த 44 மீட்டர் உயர மணிக்கூண்டைத் தாண்டி, கரையோர நடைபாதையின் கைப்பிடிச் சுவரருகே முக்காலியை ஊன்றலாம். அங்கிருந்து பத்து நொடி, இருபது நொடி என்று ஷட்டரைத் திறந்து வைத்தால் கடல் பட்டுத்துணி போல் வழுவழுப்பாகும். குறுக்கே போகும் ஸ்டார் ஃபெரி படகு ஒரு மெல்லிய ஒளிக்கோடாகப் பதியும். கடைசி நாளில் நானும் அதை எடுத்தேன்.

ஊருக்குத் திரும்பிய பின் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியது மட்டும் வேறொரு படம். சென்ட்ரல் துறையைப் படகு தொடும் தறுவாயில் எடுத்தது அது. நீலச் சீருடை அணிந்த படகுப் பணியாளர் ஒருவர், நீண்ட கழியின் முனையிலுள்ள கொக்கியால் தடித்த கயிற்றை எட்டிப் பிடிக்கிறார். கயிற்றிலிருந்து நீர் சொட்டுகிறது. அவர் முகம் நிழலில் இருக்கிறது. அவருக்குப் பின்னால், பாதி நீலமும் பாதி மஞ்சளுமாக, அந்த நகரம் முழுவதும் மலை வரைக்கும் எழுந்து நிற்கிறது.