மட்டக்களப்பு டவுனுக்குள் லுமாலா சைக்கிள்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

2022இல் பெற்றோல் வரிசை நீண்ட நாட்களில் வாங்கிய சைக்கிள், இலங்கைக் கம்பனியான லுமாலாவினுடையது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்தபோது டவுன் முழுக்கச் சைக்கிள்தான். பங்கீடு நின்றதும் பலருடையது கொட்டிலுக்குள் போய்விட்டது. என்னுடையது இன்னும் ஓடுகிறது. காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை.

டவுன் வேலை என்பது ஓரிடத்துக்குப் போய்த் திரும்புவதா? வங்கி, போட்டோ பிரதி, மருந்துக்கடை, சந்தை என்று புளியந்தீவுக்கும் கோட்டைமுனைக்கும் இடையில் பத்து இடத்தில் இறங்கி ஏற வேண்டும். ஓட்டோவை மறித்துவைத்தால் காத்திருப்புக்கும் காசு. மோட்டார் சைக்கிள் என்றால் ஒவ்வொரு கடை வாசலிலும் ஹெல்மெட்டைக் கழற்று, மாட்டு, நிறுத்த இடம் தேடு. பஸ் காத்தான்குடி, கல்லடிப் பக்கம் போக நல்லது. டவுனுக்குள் அதை நம்பி நின்றால் நடந்தே போய்ச் சேர்ந்திருக்கலாம். சைக்கிளோ மதிலில் சாத்தினால் முடிந்தது.

ஊர் தட்டை, ஏற்றம் என்றால் பாலங்கள்தான். எதிரி காற்று. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரம் மேற்கே பார்த்து மிதித்தால் தொடை பேசும். கல்லடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு: 2013இல் புதுப் பாலம் திறந்ததிலிருந்து பெரிய வாகனங்கள் அதால் போக, 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தில் லொறி ஹோர்ன் இல்லாமல் போகலாம்.

பராமரிப்பில் துருதான் பெரிய தலையிடி. சீற்றுக்கு அடியில் குழாய் பொருந்தும் இடம், மட்காட் ஆணி, கம்பி நுனிகள் மூன்றும் முதலில் சிவக்கும். "ஆத்துக் காத்து மனே, செயினுக்கு எண்ணெய் விடாட்டி ஒண்டும் நிக்காது" என்பார் ஒட்டுப் போடும் ஐயா. மாரி வெள்ளத்துக்குள் ஓடினால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள்; நாளைக்கு என்றால் சில்லுக்குள் இருக்கும் போல்ஸ் (இரும்புக் குண்டுகள்) கறகறக்கத் தொடங்கிவிடும்.

வாங்குவதென்றால் கியர் இல்லாததை, கரியலும் கூடையும் உள்ளதை வாங்குங்கள். கியர் இந்த ஊருக்குத் தண்டம், பழுதானால் அலைச்சலும்.

கச்சேரி (மாவட்டச் செயலகம்) கோட்டையை விட்டுத் திராய்மடுவுக்குப் போனதில்தான் எனக்கு நட்டம். உச்சி வெயிலில் அங்கே மிதித்துப் போய் வியர்வையோடு வரிசையில் நிற்க முடியாது. அந்த வேலைக்கு மட்டும் தம்பியின் மோட்டார் சைக்கிள்.