எல்சிஆர் மீட்டரும் செம்பனைக் கன்றின் வேரும்: ஒரு வருடத்துக்கு மேல் பிடித்துப் பார்த்ததில்

"அண்ணே, மீட்டர் விலை இறங்கிருக்கு. நம்ம நர்சரிக்கு ஒன்னு வாங்கலாமா?" மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து, செம்பனை (எண்ணெய்ப்பனை) நர்சரி வைத்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி. வேரைத் தோண்டாமல் கணிக்க நான் வைத்திருக்கும் எல்சிஆர் மீட்டரைத்தான் சொல்கிறார்: ஒரு வயரின் க்ளிப் கன்றின் அடியில், மற்றது மண்ணில் குத்திய கம்பியில்; நடுவே எவ்வளவு மின்னூட்டம் தேங்குகிறது (கெபாசிட்டன்ஸ்) என்பதை நானோஃபாரட் என்ற அலகில் காட்டும். க்ளிப் வயர் வளைவில் அறுந்து, ஈயம் வைத்துப் பற்றவைத்த அதே வாரத்தில் கேட்டுவிட்டார். பதிலில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். மீட்டர் அருமையான மீட்டர். க்ளிப்பைத் தொடாமல் ஒரே கன்றைப் பத்து தடவை அளந்தாலும் நானோஃபாரட் எண் ஆடாது. ஒரு கன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதே வேலையை மண்ணைக் கழுவிச் செய்வதென்றால், 15×18 அங்குலப் பை ஒன்றில் 15 கிலோ மண்ணாவது இருக்கும். அதைச் சல்லடையில் போட்டுக் கழுவி, வேரைப் பொறுக்கி, அடுப்பில் 70 டிகிரியில் எடை இறங்குவது நிற்கும்வரை காயவைக்க வேண்டும். கடைசியில் கன்றும் போய்விடும். மீட்டரோடு பழகியவர்களுக்கு அந்தக் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பவே மனசு வராது.

வயிற்றெரிச்சல் எல்லாம் க்ளிப் கடிக்கிற அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான்.

செம்பனைக் கன்றுக்குத் தண்டு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மண்ணுக்கு மேலே தெரிகிற அந்தக் குமிழ், ஒன்றன்மேல் ஒன்றாக மூடிய மட்டையடிகள். வெளி மட்டை காய்ந்து காகிதமாகியிருக்கும், மின்சாரம் போகாது. முதலை க்ளிப்பின் பல் அதைக் கடித்தால் ஒரு எண், அரை விரல் தள்ளிப் பச்சை மட்டையைக் கடித்தால் வேறு எண். காலையில் தண்ணீர் விட்டதும் மட்டை இடுக்கெல்லாம் நீர் தேங்கி, வெளிப்புறமாக வழிந்து மண்ணைத் தொடும். மின்னோட்டம் கன்றுக்குள் போவதை விட்டுவிட்டு அந்த ஈரத்தின் வழியாக இறங்கிவிடும். வேர் நன்றாகப் பிடித்துவிட்டது என்று நாம் குளிர்ந்துபோவோம், பிடித்தது தண்ணீர்.

இது கைப்பழக்கத்தால் சரியாகிற கோளாறும் இல்லை. 1972-இல் செக் ஆய்வாளர் குளோபெக், தண்டுக்கும் மண்ணுக்கும் நடுவே அளக்கும் கெபாசிட்டன்ஸ் வேரின் அளவோடு சேர்ந்து ஏறுகிறது என்று எழுதினார். 1995-இல் டால்டன், வேர்களை இணையாகக் கோத்த உருளை மின்தேக்கிகளாக (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகங்களாக) வைத்து அதற்குக் கணக்குச் சொன்னார். 2012-இல் டீட்ரிக் குழு பார்லியை நீர்க்கரைசலில் வளர்த்துப் பார்த்தபோது, எண்ணைத் தீர்மானிப்பது வேரின் மொத்தம் அல்ல, க்ளிப்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள திசுதான் என்று தெரிந்தது. காரணம் எளிது. கன்றின் அடியும் வேரும் ஒன்றன்பின் ஒன்றாக, தொடராக இணைந்தவை; தொடராக இணைத்தால் சின்ன மின்தேக்கி வைத்ததே சட்டம். கன்றின் அடி 2 நானோஃபாரட், வேர் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள்: மீட்டர் 1.82 காட்டும். வேர் இரட்டிப்பாகி 40 ஆனாலும் காட்டுவது 1.90 தான். பிறகு எப்படி வேரோடு ஒத்துப்போகிறது என்றால், பெரிய வேர் உள்ள கன்றுக்கு அடியும் பருமனாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு வெர்னியர் காலிப்பர் போதாதா என்று யாராவது கேட்டால், நியாயமான கேள்வி.

ஆகவே க்ளிப் கடிக்கும் உயரத்தை விட்டால் எல்லாம் போச்சு. மண் மட்டத்திலிருந்து 3 சென்டிமீட்டர் என்றால் எல்லாக் கன்றுக்கும் 3 தான். மண்மேல் பரப்பிய செம்பனைக் கொட்டை ஓட்டை ஒதுக்கிவிட்டு மண்ணிலிருந்து அளக்க வேண்டும். மழைக்கு மண் இறங்கியிருந்தால் பழைய பெயிண்ட் குறியை நம்பக்கூடாது. காய்ந்த மட்டையை உரித்து, துணியால் ஒற்றி, ஈசிஜி ஜெல்லைச் சுற்றிலும் மெல்லிசாகத் தடவி, அதன்மேல் உலோகப் பின்னலைச் சுற்றி கேபிள் டையால் இறுக்கினால் எண் நிலைக்கும். பின்னலுக்கு ஆஸ்ட்ரோ டிவி கேபிளை உரிக்க வேண்டாம். அதில் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் பிடிக்காது. ஆர்ஜி-58 கேபிளில் வெள்ளீயம் பூசிய செம்பு இருக்கும். ஊசி குத்தினால் தொடர்பு இன்னும் நன்றாகக் கிடைக்கும்தான், ஆனால் வாராவாரம் குத்திய இடம் அழுகும். ஜெல் ரொம்ப வழிந்து மண்ணைத் தொட்டால் மறுபடியும் அதே ஈரக் கதை.

மண் பக்கம் தலைவலி இல்லை. 6 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பி, 10 சென்டிமீட்டர் ஆழம். மண் நன்றாக ஈரமாக இருந்தால் கம்பி பையின் எந்த ஓரத்தில் நின்றாலும் பெரிய வித்தியாசம் வராது. ஏழு மணிக்குப் பை நிறைய நீர் விட்டு, வடிந்தபின் பத்து மணிக்குத் தொடங்கி, மதிய மழைக்கு முன் முடித்துவிடுங்கள். உரம் போட்ட வாரத்து எண்ணை மற்ற வாரத்தோடு ஒப்பிடாதீர்கள்.

இன்னொரு எரிச்சல். மீட்டர் தானாக அணைந்து மறுபடி எரியும்போது ஆட்டோவுக்குப் போய்விடும். ஆட்டோ தன் இஷ்டத்துக்கு சீரிஸ் (தொடர்), பேரலல் (இணை) என்ற இரண்டு கணக்கு முறைக்கும் மாறும். இழப்புக் காரணி டி (வீணாகும் மின்சாரத்துக்கும் தேங்குவதற்கும் உள்ள விகிதம்) 1 ஆக இருந்தால் சீரிஸ் எண் பேரலல் எண்ணைப்போல் சரியாக இரண்டு மடங்கு. ஒவ்வொரு முறையும் 1 கிலோஹெர்ட்ஸ், பேரலல் என்று கையால் பூட்டிவிட்டு, நோட்டில் டி-யையும் எழுதுங்கள். வயர் மாற்றினால் ஓபன், ஷார்ட் (வயர் முனைகளைப் பிரித்தும் சேர்த்தும்) இரண்டு சரிசெய்தலும் மறுபடி செய்ய வேண்டும்.

தீம்பாரில் (தோட்டத்தில்) நிற்கும் பெரிய மரத்துக்கும், அடித்தண்டை அழுகவைக்கும் கனோடெர்மா பூஞ்சைக்கும் இது உதவுமா என்றும் தம்பி கேட்டார். உதவாது. பெரிய மரத்தடியில் பார்ப்பதற்கு நான்கு மின்முனை வரிசை போட்டு மண்தடையைப் படமாக எடுக்கும் முறை தனி. அதுவும் வேரைவிட வேர் உறிஞ்சிய ஈரத்தைத்தான் முதலில் காட்டும்.

வாங்கலாமா? வேண்டாம் தம்பி. ஒரே கன்றை வாராவாரம் பின்தொடர இதைவிடக் கைக்கு அடக்கமானது இல்லை, அது வாஸ்தவம். ஆனால் உங்களுக்கு வேண்டியது வேரின் எடை. அதை உங்கள் மண்ணில், உங்கள் வயதுக் கன்றில் முப்பதையாவது கழுவி எடைபோட்டு ஒப்பிடாமல் இந்த மீட்டர் சொல்லாது. முப்பது கன்றைக் கழுவ ஆள் இருந்தால் மீட்டர் எதற்கு?

கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பெட்டியில் வரும் முதலை க்ளிப்பை முதல் நாளே வெட்டிவிடுங்கள்.