உரிந்துபோன தோலுக்கு எது மாற்று: ஒட்டா, மடலா?

சுழலும் பட்டையிலோ எந்திரத் தண்டிலோ லுங்கி சிக்கி இழுபடும்போது ஆண்குறியின் தோலும் விதைப்பையின் தோலும் ஒருசேர உரிந்துவிடுவதுண்டு. காண்பதற்குக் கொடூரமான காயம்தான். ஆனால் தோல் பிரியும் தளம் பெரும்பாலும் ‘பக் உறை’ எனப்படும் உறுதியான சவ்வுக்கு மேலேயே அமைவதால், விறைப்புத் திசுவும் சிறுநீர்க்குழாயும் விரைகளும் பலருக்குத் தப்பிவிடுகின்றன. எனவே பெரும்பாலான நேரங்களில் சிக்கல் உறுப்பைக் காப்பதில் இல்லை, அதை எதைக் கொண்டு மூடுவது என்பதில்தான் இருக்கிறது. இரத்தக் குழாயின்றித் தனியே எடுத்து வைக்கும் தோல் ‘ஒட்டு’; இரத்தக் குழாயுடனேயே திருப்பி வைக்கும் தோல் ‘மடல்’.

உரிந்த தோலையே திரும்பத் தைத்துவிடலாமே என்று உறவினர்கள் கேட்பது இயல்பு. இரத்த ஓட்டம் அறுந்த தோல் பெரும்பாலும் கருகி, சீழ் பிடிக்கவும் இடம் கொடுக்கும். தோல் சுத்தமாகவும் நசுங்காமலும் கிடைத்தால், அடிக்கொழுப்பை நீக்கி ஒட்டாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்; அத்தகைய தோல் அரிதாகவே கிடைக்கும்.

ஆண்குறித் தண்டுக்குத் தொடையிலிருந்து தோலின் மேற்பகுதியை மட்டும் சீவி எடுக்கும் பகுதித்தடிமன் ஒட்டே என் கணிப்பில் முதல் தேர்வு. சுமார் 0.4 மி.மீ. தடிமனில், வலைபோலக் கீறாமல் முழுத்தகடாக வைத்தால், அது எளிதில் பிடிக்கிறது, முடியும் முளைப்பதில்லை. தோலை முழு ஆழத்துக்கும் எடுக்கும் முழுத்தடிமன் ஒட்டு இதைவிடக் குறைவாகவே சுருங்கும் என்பது உண்மை. ஆயினும் அது பிடிப்பதற்கு நல்ல படுகை, அதாவது இரத்த ஓட்டமுள்ள அடித்தளம், வேண்டும், எடுக்கும் இடத்திலும் அவ்வளவு தோல் கிடைக்காது. விதைப்பைத் தோலுக்குள் குறியைப் புதைத்து, பின்னர் விடுவிக்கும் பழைய முறைக்கு இரு அறுவைகள் தேவை. தண்டெங்கும் முடி வளர்வது வேறு தொல்லை.

எந்த ஒட்டை வைத்தாலும், குறியின் நுனியிலுள்ள மொட்டுக்கு அடியில் எஞ்சி நிற்கும் நல்ல தோல் வளையத்தை நீக்கிவிட வேண்டும். இருப்பதையும் வெட்டுவானேன் என்று நோயாளி திகைப்பது நியாயமே. ஆனால் நிணநீர் வடியும் வழி அறுந்துவிட்டதால் அந்த வளையம் வீங்கி நிரந்தரத் தொல்லையாகும். ஒட்டின் தையலைக் குறியின் அடிப்புறத்தில் வளைத்து வளைத்து அமைத்தால், சுருங்கும் தழும்பு தண்டை வளைக்கும் ஆபத்து குறைகிறது.

விதைப்பையில் கணக்கு மாறுகிறது. அதன் தோல் நன்றாக நெகிழ்வது; பாதியளவு இழந்தாலும் எஞ்சியதை இழுத்து மூடிவிடலாம். முழுவதும் போனால், விரைகளைத் தொடைத் தோலுக்கடியில் பையமைத்து வைக்கலாம், வலைக்கீறல் ஒட்டால் மூடலாம், அல்லது தொடையிலிருந்து இரத்தக் குழாயுடன் திருப்பும் தோல்மடலைப் போடலாம். தொடைப்பை எளியது என்றாலும் தற்காலிக ஏற்பாடே. விந்தணு உருவாக விரைகள் உடல்வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிர்ந்திருக்க வேண்டும், தொடைக்குள் அது வாய்ப்பதில்லை. தடித்த மடலும் இதே குறையை ஓரளவு கொண்டது. பெரும்பாலும் பின்னொரு நாள் கொழுப்பைக் குறைக்க வேண்டியும் வரும். வலைக்கீறல் ஒட்டோ நீரை வடியவிட்டு, ஆறிய பின் விதைப்பையின் சுருக்கங்களை ஒத்த தோற்றத்தையும் தருகிறது.

ஆகவே, பிள்ளை பெற விரும்பும் இளைஞருக்கு ஒட்டையே பரிந்துரைப்பேன். விரையைச் சூழ்ந்த சவ்வான விரையுறையே கிழிந்து ஒட்டு பிடிக்கப் படுகை இல்லாதபோதும், காயம் விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதிவரை பரவி ஆழமாகத் திறந்திருக்கும்போதும் மட்டும் மடல் முந்துகிறது.