சவரக் கத்தியின் ரிவெட்டுக்கு எந்த எண்ணெய்?

ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பழைய மடக்குச் சவரக் கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. அருமையாகக் கூர் பிடிக்கும், ஈரம் பட்டால் துருவும் சீக்கிரம் பிடிக்கும். அலகை எல்லோரும் துடைத்துவிடுகிறோம். தப்பிப்பது ரிவெட், அதாவது அலகைக் கைப்பிடியோடு இணைக்கும் ஆணி. வாஷருக்கும் எஃகுக்கும் நடுவே முடியளவு சந்து, சோப்புத் தண்ணீர் அதில் ஏறி நின்றுவிடும். அதனால் ரிவெட்டுக்கு ஒன்று, அலகுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது. தினமும் சவரம் செய்பவர் அலகில் பூசிக்கொள்ளலாம், குறையில்லை. ரிவெட்டில் மட்டும் வேண்டாம். நாளாக ஆகச் சிக்கு வாடை அடித்து, பிசுபிசுத்து, தூசியைச் சேர்த்துக் கத்தியைத் திறக்கவே இறுக்கமாக்கிவிடும். நல்லெண்ணெய் இன்னும் சீக்கிரம் பிசினாகும்.

தையல் மெஷின் எண்ணெய் மினரல் எண்ணெய் வகை. கெட்டுப்போகாது, மெல்லியது, சந்துக்குள் தானாக இறங்கும். ரிவெட்டுக்கு இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. ஊசி முனையில் ஒரு துளி எடுத்து இரண்டு பக்கமும் வைத்து, கத்தியை நாலைந்து முறை திறந்து மூடுங்கள். உள்ளே துரு இருந்தால் எண்ணெய் பழுப்பாகக் கசியும். துடைத்துவிட்டு, தெளிவாக வரும்வரை இன்னொரு துளி, அவ்வளவுதான். முகத்தில் படுமே என்று தயங்கினால் மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் இருக்கிறது. கொஞ்சம் கெட்டி, ஆனால் அதுவும் மினரல் எண்ணெய்தான்.

டபிள்யூடி 40 ஈரத்தை விரட்டுவதில் கெட்டி. ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது, அதன் மேல் எண்ணெய் போட்டே ஆக வேண்டும். வாசலின், மாதக்கணக்கில் பெட்டியில் தூங்கப்போகும் அலகுக்கு. ஜப்பானில் தச்சுக் கருவிகளுக்குப் பூசும் கமேலியா எண்ணெய் நல்லதுதான், நம் ஊரில் அதற்குக் கொடுக்கும் விலைதான் அதிகம்.

எதைப் போட்டாலும் முதலில் ஈரம் போக வேண்டும். தண்ணீரின் மேல் எண்ணெய் விட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். டிஷ்யூவைப் பட்டையாக மடித்து, கைப்பிடியின் இரண்டு தகட்டுக்கும் நடுவே ரிவெட் வரை விட்டு இழுங்கள். அப்புறம் கத்தியைக் கொஞ்ச நேரம் திறந்தே வையுங்கள். அடுத்த சவரத்துக்கு முன் அலகின் எண்ணெயைத் துடைத்துவிட்டே தோல் வாரில் தீட்டுங்கள்.

செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த கைப்பிடிக்கு மட்டும் எந்த எண்ணெயும் உதவாது. அது சிதையத் தொடங்கினால் கசியும் அமில வாயு அலகை அரித்துவிடும். கைப்பிடியை மாற்றுங்கள், அதுவரை மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.