எச்.ஐ. வேலையா, புராஜெக்ட் வேலையா, சொந்தத் தொழிலா? கடலோரத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு

அக்கா மகன் போன மாதம் ராமேசுவரம் பக்கம் இருக்கும் எங்கள் மண்டபம் ஊருக்கு வந்திருந்தான். பி.எஸ்சி. முடித்து, ஹெல்த் இன்ஸ்பெக்டர் (எச்.ஐ.) படிப்பும் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறான். சாப்பிட்டுக் கை கழுவும்போதே ஆரம்பித்தான். "மாமா, எம்.ஆர்.பி. அறிவிப்புக்குக் காத்திருக்கவா, என்.ஜி.ஓ. எதுலயாவது சேரவா, இல்ல சொந்தமா ஒண்ணு பண்ணவா? யூடியூப்ல எல்லாரும் ஸ்டார்ட்அப்தான்னு சொல்றாங்க." (எம்.ஆர்.பி. என்பது அரசு மருத்துவத் துறைக்கு ஆள் எடுக்கும் தேர்வு வாரியம்.)

நான் மூன்றிலும் கால் வைத்துப் பார்த்தவன். பதினோரு மாத ஒப்பந்தத்தில் அரசு வேலை, மூன்று வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்தின் புராஜெக்ட், அப்புறம் சொந்தமாக ஒரு ரத்த மாதிரி சேகரிப்பு மையம். கடைசியது இரண்டாவது மீன்பிடித் தடைக்காலத்தைத் தாண்டவில்லை. அவனிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அரசு வேலையில் இருந்து தொடங்கலாம். எச்.ஐ. கிரேடு 2 என்றால் சம்பள நிலை 8, அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. வீட்டில் எல்லாருக்கும் இந்த எண் மட்டும்தான் கண்ணில் படும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தப் பதவிக்குப் பின்னால் நிற்கும் சட்டம். 1939-இல் வந்த பொது சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் செல்லுபடியாகிறது. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் தனிப் பணியாளர் அமைப்பும் இங்கே இருக்கின்றன. பல மாநிலங்களில் அது இல்லை.

சட்டம் என்ன செய்யும் என்பதற்கு ராமேசுவரம் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேரியா பரப்பும் ஸ்டீபன்சி கொசு சாக்கடையில் முட்டை போடாது, கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் இருக்கும் நல்ல தண்ணீரில்தான் போடும். ஒரு வீட்டு மாடித் தொட்டியின் மூடி உடைந்து கிடந்தால் காய்ச்சலில் படுப்பது நான்கு வீடு தள்ளி இருப்பவர். நீ தொட்டி மூடி விற்கும் கடை போடலாம், மூடி உடைந்த வீட்டுக்காரர் வாங்க வரமாட்டார், காய்ச்சல் அவருக்கு வரவில்லையே. எச்.ஐ. ஒரு நோட்டீஸ் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் மூடி வந்துவிடும். பொது சுகாதாரத்தில் பாதிக்கு மேல் இந்த மாதிரி வேலைதான், பக்கத்து வீட்டுக் கொசுவுக்கு யாரும் காசு கொடுக்கமாட்டார்கள். அந்தப் பாதியை எந்தத் தொழில்முனைவோராலும் தொட முடியாது.

அதோடு, அந்த வேலையில் ஒரு சுகமும் உண்டு. ஊரின் கடைசித் தெருக் குழாயில் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, ஓ.டி. (ஆர்த்தோடொலுடின்) கரைசலைச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் இளமஞ்சளாக மாறும். கடைக்கோடிக் குழாயில் 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். நிறம் மாறாமல் தெளிவாகவே இருந்துவிட்டால் மேல்நிலைத் தொட்டிக்குப் போய், குளோரின் கலக்கும் ஆளைப் பிடித்துக் கேட்கலாம். பெரிய சாதனை ஒன்றுமில்லை. ஆனால் அன்று அந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வராமல் போனது என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

கஷ்டம் எங்கே என்றால் காத்திருப்பில். அறிவிப்பு எப்போது வரும், வந்தால் எத்தனை இடம், வழக்கு வந்து நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. ஒப்பந்தத்தில் போனால் அதே வேலை, அதே வெயில், சம்பளம் மட்டும் வேறு. எனக்குப் பதினோராவது மாதம் முடிந்ததும் புதுப்பிப்பு ஆணை வரவே இல்லை, நானும் போய்க் கேட்டு அலுத்துவிட்டேன்.

புராஜெக்ட் வேலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நன்றாகக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் காலூன்ற முடியாது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அந்த வேலையின் ஆயுள். வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020-இல் திருத்தியபோது, பெரிய நிறுவனம் வாங்கிய நிதியைச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 சதவீதத்தில் இருந்து 20-ஆகக் குறைத்துவிட்டார்கள். கடலோரத்தில் நாலு பேர் வைத்து நடத்திக்கொண்டிருந்த சின்ன அமைப்புகளுக்கு அது பெரிய அடி. மிச்சம் இருப்பது சி.எஸ்.ஆர். பணம், அதாவது 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய, லாபத்தில் 2 சதவீதம். அதற்கு நிதியாண்டு முடியும் ஒவ்வொரு மார்ச் 31-ம் ஒரு சின்ன மரணம். பிப்ரவரி வந்தால் ஆபீஸில் யாரும் சிரிக்கமாட்டோம்.

சரி, சொந்தத் தொழில். இங்கேதான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். சர்க்கரை நோய் எல்லாத் தெருவிலும் இருக்கிறது, ரத்தப் பரிசோதனைக்கு ராமநாதபுரம் வரை பஸ் ஏற வேண்டியிருக்கிறது, வீட்டுக்கே போய் எடுத்தால் என்ன என்று நினைத்தேன். காகிதத்தில் அருமையாக இருந்தது. முதல் வாரமே இடித்தது. விசைப்படகுக்காரர் திங்கள், புதன், சனி கடலுக்குப் போவார், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. கடலுக்குப் போனவர் ராத்திரி முழுக்க விழித்திருந்து, படகிலேயே கஞ்சியும் குழம்பும் சாப்பிட்டு, விடிந்து கரைக்கு வருவார். அவரிடம் போய் "வெறும் வயித்துல இருக்கீங்களா?" என்று கேட்டால் என்னை மேலும் கீழும் பார்ப்பார். வெறும் வயிறு தேவைப்படாத, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை எடுக்கலாம். ஆனால் அதன் விலையைக் கேட்டதும், "போன தடவை நூறு ரூவாய்க்கு எடுத்தாங்களே" என்பார்.

அப்புறம் குழாய். ரத்தத்தை எடுத்துச் சாதாரணக் குழாயில் வைத்திருந்தால் அதில் இருக்கும் செல்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், நேரம் ஆக ஆக அளவு குறைந்துகொண்டே போகும். அதற்குத்தான் சாம்பல் மூடி போட்ட ஃபுளோரைடு குழாய். ஐஸ் பெட்டிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை என்று மீன் பெட்டி மாதிரி ஒன்றில் ஐஸ் கட்டிக்கு நடுவிலேயே குழாயைப் புதைத்து அனுப்பினேன். பொட்டாசியம் எல்லாருக்கும் ஏறிப்போய் வந்தது. ரத்தத்தை ஐஸில் வைத்தால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு அம்மாவை அந்த ரிப்போர்ட்டைக் காட்டிப் பயமுறுத்தி, பெரியாஸ்பத்திரிக்கு ஓட வைத்துவிட்டேன். இன்றும் அந்தத் தெருவழியாகப் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

கடையை மூடியது இதுவல்ல, ஏப்ரல் 15-தான். அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. படகு கட்டிக் கிடந்தால் மீன் விற்ற காசில் பங்கு இல்லை, பங்கு இல்லை என்றால் ஐஸ் கம்பெனியில் வேலை இல்லை, டீக்கடையிலேயே கடன் நோட்டு. தடைக்கால நிவாரணத்தை 5,000-இல் இருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்ட்டில் இதே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள், நல்லதுதான். ஆனால் அந்த எட்டாயிரத்தில் இருந்து யார் எனக்கு லிப்பிட் புரொஃபைலுக்கு (ரத்தக் கொழுப்புச் சோதனை) காசு எடுத்துக் கொடுப்பார்கள்? என்னோடு ஒப்பந்தம் போட்டிருந்த ஆய்வகமோ தடைக்காலத்திலும் மாதக் குறைந்தபட்சத் தொகையைக் கேட்டது.

அதனால் மருமகனுக்கு நான் போட்ட சோதனை இதுதான்: நீ நினைக்கும் தொழிலில் காசு கொடுப்பது யார், அவர் மே மாதத்திலும் கொடுப்பாரா?

இதை வைத்து அவன் கொண்டுவந்த யோசனைகளைப் பார்த்தோம். மருந்துக்கடை சொன்னான். முதல்வர் மருந்தகம் என்று 2025 பிப்ரவரியில் 1000 கடைகள் திறந்தார்கள், தனியாருக்கு 3 லட்சம் ரூபாய் மானியமும் உண்டு. ஆனால் பி.பார்ம். அல்லது டி.பார்ம். வேண்டும், அவனிடம் அது இல்லை. இருந்திருந்தாலும், பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021-இல் இருந்து வீட்டு வாசலுக்கே இலவசமாக வந்துகொண்டிருக்கின்றன. மாதாமாதம் வரும் வாடிக்கையாளரை அரசே எடுத்துக்கொண்ட ஊரில் மருந்துக்கடை வைப்பவர் இருமல் மருந்தையும் வலி மாத்திரையையும் நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

நாப்கின் யூனிட் என்றான். கோயம்புத்தூர் முருகானந்தம் சின்ன இயந்திரம் செய்து, அதை மகளிர் குழுக்களுக்கு விற்றுப் பத்மஸ்ரீ வரை போனது எல்லாருக்கும் தெரியும். அவர் இயந்திரத்தை விற்றார் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம், நாப்கினை விற்க வேண்டியது குழுவின் பாடு. கிராமத்து வளரிளம் பெண்களுக்குப் புதுயுகம் திட்டத்தில் இலவசமாக வருகிறது. 2018-இல் ஜி.எஸ்.டி.யை எடுத்ததும் எல்லாரும் கைதட்டினோம். ஆனால் விற்பனைக்கு வரி இல்லை என்றால், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. அது தயாரிப்பவர் தலையில்தான் விழும்.

ஆர்.ஓ. (உப்பு நீக்கிய) தண்ணீர் வியாபாரம் ஓடும், சந்தேகமில்லை. எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் எட்டுக் குடம் அடுக்கித் தள்ளாத பெண் கிடையாது. கடற்கரையில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடிக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன, காசு கொடுக்க எல்லாரும் தயார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் ஒழுங்காக வந்தால் உன் கடையில் ஈ ஓட்ட வேண்டும், அது வராத நாளில்தான் கல்லா நிறையும். குழாய் வரக்கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்ளும் தொழில் பொது சுகாதாரமா என்று கேட்டேன். அவன், "மாமா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றான். இருக்கலாம்.

இடையில் அரவிந்த் கண் மருத்துவமனையை இழுத்தான், யாராக இருந்தாலும் இழுப்பார்கள். 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. காசு உள்ளவர் கட்டுவதில் இல்லாதவருக்கும் புரை அறுவை சிகிச்சை. வெளிநாட்டில் இருந்து வந்த கண் லென்ஸ் விலை கட்டுப்படியாகாததால் 1992-இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்துகொண்டார்கள். அருமையான முறை. ஆனால் அது நிற்பது கூட்டத்தின் மேல். காசு கொடுக்கும் பாதிப் பேர் வேண்டும். கீழக்கரையில் வளைகுடாப் பணம் வரும் தெருக்களை வைத்துச் சின்ன அளவில் யோசிக்கலாம், முந்நூறு வீடு உள்ள குப்பத்தில் எல்லாருமே அந்த இன்னொரு பாதிதான்.

கடைசியில் நான் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. செப்டிக் டேங்க் லாரி.

சிரிக்காதீர்கள். இந்த மணலில் கக்கூஸ் குழி தோண்டினால் தண்ணீர் கீழே நிற்காது, வடிந்து நேராக ஊற்றுக்குப் போகும். பத்தடி தள்ளி அதே தண்ணீரைச் சிரட்டையால் மொள்கிறார்கள். குழியைச் சரியாகக் கட்டித் தருவது, நிறைந்தால் உறிஞ்சுவது, சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய் இறக்குவது, இதற்கு வீட்டுக்காரர் காசு கொடுப்பார், மே மாதத்திலும் கொடுப்பார், நிறைந்த தொட்டி தடைக்காலம் பார்க்காது. ராமேசுவரத்தில் லாட்ஜுகள் வருஷம் பூரா வாடிக்கை. நகராட்சிப் பகுதியில் ஓட்ட உரிமம் வேண்டும், பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை உள்ளே இறக்கக்கூடாது என்று 2013 சட்டமே இருக்கிறது. அவன் படித்த படிப்பு இதில்தான் நேராக உதவும். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் (நீட் இல்லை, நீட்ஸ்) பட்டதாரிகளுக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம் இருக்கிறது, மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ஒரே ஆபத்து தூரம். சுத்திகரிப்பு நிலையம் வரை போக டீசல் லாபத்தைத் தின்னும், ராத்திரியில் சீமைக்கருவேலங்காட்டுக்குள் திறந்துவிட்டுப் போகும் லாரிக்காரன் உன்னைவிடப் பாதி விலைக்கு வருவான். அவனைப் பிடிக்க வேண்டியவர் யார்? அதே எச்.ஐ.தான். அவர் வேலையைச் செய்யாவிட்டால் நேர்மையாக ஓட்டும் லாரி படுத்துவிடும்.

"பொண்ணு பாக்கப் போனா என்ன தொழில்னு மாமா சொல்றது?" என்று கேட்டான். சானிடேஷன் கம்பெனி என்று சொல் என்றேன்.

அடுத்த எம்.ஆர்.பி. தேர்வுக்குப் புத்தகம் வாங்கிவிட்டதாகப் போன வாரம் போன் பண்ணினான். பேச்சுவாக்கில், பரமக்குடியில் ஒரு பழைய டேங்கர் நாலாயிரம் லிட்டர், என்ன விலை சொன்னால் வாங்கலாம் என்றும் கேட்டான். அக்காவுக்கு லாரி விஷயம் இன்னும் தெரியாது.