ஜானிஸ் ஜோப்ளினா, கிரேஸ் ஸ்லிக்கா?

1960களின் பிற்பாதியில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரே காலத்தில் ஒலித்த இரண்டு ராக் குரல்கள் இவை. ஒன்றைக் கேட்ட கையோடு மற்றொன்றையும் கேட்டுப் பாருங்கள். ஒரே ஊரா என்று சந்தேகம் வரும்.

ஜோப்ளின் டெக்சாஸின் போர்ட் ஆர்தர் ஊர்க்காரர். பெஸ்ஸி ஸ்மித் போன்ற கறுப்பின ப்ளூஸ் பாடகிகளின் இசைத்தட்டுகளே அவருக்குப் பாடசாலை. 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மாண்டெரே இசைவிழாவில், ப்ளூஸ் பாடகி பிக் மாமா தார்ன்டனின் 'பால் அண்ட் செயின்' பாடலை அவர் பாடிய காட்சி படமாகப் பதிவாகியிருக்கிறது. முணுமுணுப்பில் தொடங்குகிறார், ஒரே சொல்லைத் திக்கித் திக்கித் திரும்பச் சொல்கிறார், திடீரென்று அலறுகிறார். அந்த அலறலுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகள் உரசுவதுபோல் இருக்கும். கூட்டத்தில் அமர்ந்திருந்த பாடகி காஸ் எலியட் அசந்துபோய் வாயசைப்பதும் அதில் தெரிகிறது. ஜோப்ளினின் தொண்டை என்னாகுமோ என்று நமக்குத்தான் பதறும். 1970இல், 27 வயதில் இறந்துவிட்டார்.

ஸ்லிக் நேர் எதிர். ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவுடன் அவர் பாடிய, அவரே எழுதிய 'ஒயிட் ராபிட்' ஏறக்குறைய இரண்டரை நிமிடம்தான். பொலேரோ என்ற ஸ்பானிய நடனத் தாளத்தின்மேல், தாழ்ந்த குரலில் உத்தரவு போடுவதுபோல் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறார். கரகரப்பே இல்லை, எஃகுக் கம்பிபோல் நேரான ஒலி, நீட்டும் இடங்களில் மட்டும் ஓர் அதிர்வு. உச்சத்தை எட்டியதும் பாட்டு சட்டென்று நின்றுவிடுகிறது.

கட்டுப்பாட்டில் ஸ்லிக்குக்கே என் ஓட்டு. ஆனாலும் இரவில் தனியாக இருக்கும்போது கை தேடுவது ஜோப்ளினைத்தான்.