நிவாரணப் பொருள் விநியோகத்தை எதைக் கொண்டு அளப்பது? நான்கு அளவுகோல்கள், ஓர் ஒப்பீடு

வணிகத்தில் பணம் கொடுப்பவரும் பொருள் வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். சரக்கு தாமதமானால் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார், அந்த இழப்பு கணக்கில் உடனே தெரியும். பேரிடர் நிவாரணத்தில் பணம் தருபவர் ஒரு பக்கம், பொருள் பெறுபவர் இன்னொரு பக்கம். முகாமில் இருப்பவர் 'உங்கள் தார்ப்பாய் வேண்டாம், வேறு அமைப்பிடம் வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்ல வழியில்லை. அதனால்தான் இந்தத் துறைக்குத் தனி அளவுகோல் தேவைப்படுகிறது. பல முறைகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் முக்கியமான நான்கை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கடிகாரம் எங்கே ஓடத் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது?

முதலாவது 'ஸ்கோர்' மாதிரி. பொருள் விநியோகச் சங்கிலியை அளக்க 1996-இல் வணிக நிறுவனங்களுக்காக உருவானது. திட்டமிடல், கொள்முதல், தயாரிப்பு, விநியோகம், திரும்பப் பெறுதல் என்று வேலையைப் பிரித்து, நம்பகத்தன்மை, வேகம், செலவு என்று அளக்கும். இதில் எனக்குப் பிடித்தது 'குறையற்ற ஆர்டர்' என்ற கணக்கு. சரியான பொருள், சரியான அளவு, சரியான நேரம், சேதமில்லாமல், முறையான ஆவணங்களோடு என எல்லாம் பொருந்தினால்தான் ஒரு ஆர்டர் தேறும்.

இந்தக் கறார்த்தனம் வீண் இல்லை. 1,000 கூடாரங்கள் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி வந்துவிட்டது, கயிறும் முளையும் வந்துவிட்டன, கம்புகள் மட்டும் அடுத்த விமானத்தில் வருகின்றன. பட்டியலில் உள்ள நான்கு பொருள்களில் மூன்று வந்திருப்பதால் சாதாரணக் கணக்கு 75 சதவீதம் என்று காட்டும். அன்றிரவு கூடாரத்துக்குள் தூங்கிய குடும்பங்கள் பூஜ்யம். குறையற்ற ஆர்டர் கணக்கும் பூஜ்யம் என்றே சொல்லும்.

ஆனால் ஆர்டர் என்று ஒன்று இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். திடீர்ப் பேரிடரில் ஆர்டர் கொடுப்பது யார்? பாதிக்கப்பட்டவர் இல்லை, அவருடைய தேவையை ஊகிக்கும் ஒரு அதிகாரி. ஊகம் தப்பானால், தேவையில்லாத பொருள் குறையின்றிப் போய்ச் சேரும், மதிப்பெண்ணும் முழுசாகக் கிடைக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு வெப்பமண்டலக் கரைகளுக்குக் குளிர்கால உடைகள் வந்து குவிந்ததை நினைத்துப் பாருங்கள். அவற்றை யாரும் கேட்கவே இல்லை, ஆனாலும் கிடங்கில் இடம் பிடித்துக்கொண்டன. மாதாமாதம் மருந்து அனுப்பும் நீண்டகாலப் பணிக்கு 'ஸ்கோர்' நன்றாகவே பொருந்தும். முதல் வாரக் குழப்பத்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது, செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்புக்காக 2006-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு ஒன்று முன்வைத்த நான்கு குறியீடுகள். உதவிக் கோரிக்கையில் எவ்வளவு நிறைவேறியது, நன்கொடை உறுதியானதிலிருந்து பொருள் போய்ச் சேர எத்தனை நாள், நிதி எவ்வளவு சிக்கனமாகச் செலவானது, தேவை பற்றிய முதல் மதிப்பீடு எவ்வளவு சரியாக இருந்தது. நான்கே எண்கள், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். களத்தில் இருப்பவர் மாலையில் களைத்துப்போய் உட்கார்ந்து நிரப்பக்கூடிய அளவு இதுதான். நாற்பது குறியீடுகள் கேட்டால் நாற்பதிலும் கற்பனைதான் வரும்.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. நன்கொடையாளர் 'தருகிறேன்' என்று சொன்ன நாளில் அது தொடங்குகிறது, பாதிக்கப்பட்ட நாட்டுக்குப் பொருள் வந்ததும் நின்றுவிடுகிறது. நிலநடுக்கம் நடந்த நாளுக்கும் நன்கொடை உறுதியான நாளுக்கும் இடையில் மக்கள் காத்திருந்தது கணக்கில் இல்லை. விமான நிலையத்திலிருந்து முகாம்வரை ஆகும் நாள்களும் இல்லை. 2010 ஜனவரி 12 ஹைட்டி நிலநடுக்கத்தில் தலைநகரின் துறைமுகம் சேதமடைந்து, ஒற்றை ஓடுபாதை விமான நிலையம் நெரிசலில் திணறியது. 2015 நேபாள நிலநடுக்கத்தின்போதும் அங்கே சர்வதேச விமான நிலையம் ஒன்றுதான் இருந்தது, ஓடுபாதையும் ஒன்றுதான். அதற்கப்புறம் மலைப்பாதை. பாதி அவதி நாட்டுக்குள் நுழைந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. தன் கையில் உள்ளதை மட்டும் அளப்பது ஒரு தளவாடப் பிரிவுக்கு நியாயம்தான், மறுக்கவில்லை. பெறுபவருக்கு அது போதாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கோலாலம்பூர், துபாய், பனாமா போன்ற இடங்களில் முன்கூட்டியே சரக்கு இருப்பு வைக்கும் முறை வந்துவிட்டது. நன்கொடை உறுதியாகும் முன்பே கிடங்கிலிருந்து பொருள் கிளம்பிவிடலாம். அப்போது நன்கொடை நாளிலிருந்து எண்ணும் கடிகாரத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. மதிப்பீட்டுத் துல்லியக் குறியீட்டையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். முதல் மூன்று நாளில் சொன்ன எண்ணைப் பிறகு நேர்மையாகத் திருத்துபவருக்கு அதில் மதிப்பெண் குறையும்.

மூன்றாவது, ஆய்வாளர்கள் பெனிட்டா பீமனும் புர்ஜு பால்சிக்கும் 2008-இல் வெளியிட்ட கட்டமைப்பு. வளம் (என்ன செலவானது), விளைவு (என்ன போய்ச் சேர்ந்தது), நெகிழ்வு (திடீர் மாற்றத்தைச் சமாளிக்கும் திறன்) என்று மூன்று வகை. இதன் பலம், ஒன்றோடொன்று முட்டும் எண்களைப் பக்கத்தில் வைப்பது. முதல் வாரத்தில் தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவியை விமானத்தில் அனுப்பினால் டன்னுக்கு ஆகும் செலவு எகிறும், அது சரியான முடிவு. ஐந்தாம் மாதத்திலும் விமானத்தில் வந்தால் யாரோ திட்டமிடத் தவறிவிட்டார்கள். செலவை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நெகிழ்வு என்பது சோதனை வரும்வரை தெரியாது. அதுவரை உபரி இருப்பு வெறும் வீண்செலவாகவே தெரியும், நிதிப் பிரிவும் முதலில் அதில்தான் கை வைக்கும்.

நான்காவது, பெறுபவர் பக்கமிருந்து அளப்பது. நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தேவைகளைச் சொல்லும் சர்வதேச 'ஸ்ஃபியர்' தரநிலை ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்கிறது. சம அளவு மக்கள் உள்ள இரண்டு முகாம்களில் ஒன்றுக்கு 30 லிட்டர், மற்றதற்கு ஒன்றுமில்லை என்றாலும் சராசரி 15 வந்துவிடும்! ஹோசே ஓல்கின்-வேராஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2013-இல் முன்வைத்த, பொருள் கிடைக்காமல் தவிப்பவரின் அவதிக்குப் பண மதிப்பு போடும் 'இழப்பின் விலை' என்ற கருத்து இங்கேதான் உதவுகிறது. காத்திருக்கும் நேரம் கூடக்கூட அவதி சீராக ஏறுவதில்லை, செங்குத்தாக ஏறும். தண்ணீரில்லாத மூன்றாவது நாள் முதல் நாளைப் போல மூன்று மடங்கோடு நின்றுவிடாது. அவதிக்குப் பண மதிப்பு போடுவது எனக்கு உறுத்துகிறது. இருந்தாலும் அதன் எளிய வடிவத்தை யாரும் பயன்படுத்தலாம்: சராசரியை விட்டுவிட்டு, அதிக நாள் காத்திருந்த முகாமைப் பாருங்கள்.

சரி, எதை எடுப்பது? திடீர்ப் பேரிடருக்கு நான் செஞ்சிலுவைக் குறியீடுகளையே எடுப்பேன், கடிகாரத்தை மட்டும் மாற்றி. பேரிடர் நாளில் தொடங்கி, பெறுபவர் விநியோகப் பட்டியலில் கையெழுத்தோ கைரேகையோ வைக்கும் நாளில் அது நிற்க வேண்டும். நடுவே மூன்று துண்டு: கிடங்கிலிருந்து கிளம்பும்வரை, நாட்டு எல்லைவரை, கைக்கு வரும்வரை. சுங்கத்தில் கிடந்த நாள்களுக்குக் கிடங்குக்காரரைத் திட்டும் வேலை அப்போது மிச்சம். கூடவே, மிகவும் பின்தங்கிய முகாமுக்குத் தனி எண் ஒன்று. ஆண்டுக்கணக்கில் ஓடும் பணிக்கு 'ஸ்கோர்', அதோடு இருப்பு தீர்ந்துபோன நாள்களின் எண்ணிக்கை. பீமன்–பால்சிக் கட்டமைப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மீளாய்வுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் சரக்குப் பெற்ற சீட்டில் இரண்டு தேதிக் கட்டங்கள் வேண்டும். ஒன்று பொருள் இறங்கிய தேதி, மற்றது கணினியில் ஏற்றிய தேதி. ஒரே கட்டம் இருந்தால் ஏற்றிய தேதிதான் விழும், நான்கு நாள் தாமதம் யாருடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.